ஐஸ் பிளாண்டில் இருபத்து மூன்று நிமிடம்

தடைக்காலம் என்பதால் ஐஸ் பிளாண்ட் காலி.
மீன் வராத ஊரில் ஐஸ் யாருக்கு?
அபுதாகிர் முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டார்,
ஒரே நிபந்தனை:
அமோனியா குழாயில் யாரும் சாயக் கூடாது.

பாம்பன். மே மாதம். ஞாயிறு, மாலை ஆறு மணி.
நுழைவு நூறு ரூபாய், பன்னீர் சோடா சேர்த்து.
கையால் எழுதிய தட்டியில்
ஐம்பது வருடத்துக்கு முன் கலைந்துபோன
ஒரு வெள்ளைக்காரக் குழுவின் பெயர்,
அதில் ஓர் எழுத்து குறைந்திருந்தது.
கீழே: ‘அவர்களுக்கு எங்கள் மரியாதை.’

வந்தவர்கள் முப்பத்தொரு பேர்.
எண்ணியது நான். எண்ணுவதுதான் என் வேலை,
ஏலக் கூடத்தில் கூடைக் கணக்கு.
காரல் இத்தனை, சூடை இத்தனை, கழிவு இத்தனை.
பதினொரு வருடமாக
காதில் விழுவதையெல்லாம் விரல் எண்ணிவிடும்:
பூசை மணி, தெரு நாய்,
தூக்கத்தில் என் புருஷன் இழுக்கும் மூச்சு.

டிரம்ஸ் பிஸ்மார்க். லாஞ்சு டிரைவர்.
அறுபத்தொரு நாள் சும்மா இருந்தால்
கை அரிக்கும் என்பான்.
கீபோர்டு ஆசிக், கீழக்கரை;
சார்ஜாவிலிருந்து அதைக் கம்பளியில் சுற்றிக்
கைப்பிள்ளையைப் போல் கொண்டுவந்தவன்.
கித்தார் முனியராஜ், மண்டபம் ரயில்வே குவார்ட்டர்ஸ்.
பேஸ் வாசித்த பையன் பெயர் கடைசிவரை தெரியவில்லை,
பரமக்குடிக்காரன்,
வெட்கத்தில் சுவரைப் பார்த்தே வாசித்தான்.
பாடியது ரெக்சலின். நர்ஸ். இரவு டூட்டிக்கு முன்.

ஒரே பாட்டுதான். அது தொடங்கிச் சற்று நேரத்தில்
என் சோடா தீர்ந்தது,
குழந்தைகள் இருவர் தூங்கிப்போனார்கள்,
பின்வரிசையில் இன்னாசி கேட்டான்:
“இன்னும் ஆரம்பிக்கலையா?”

வார்த்தை பிடிபடவில்லை.
ஏதோ ஒரு கிழ ராஜா, உப்பால் கட்டிய கோபுரம்.
“வெள்ளைக்காரனுக்கும் புரிஞ்சிருக்காது”
என்று முன்னுரையிலேயே
பிஸ்மார்க் சொல்லிவிட்டான்.

நான் எண்ணினேன். வேறென்ன செய்ய?
நாலு நாலாக வரும் என்று விரலை மடக்கினால்
ஏழில் திரும்புகிறது.
சரி, ஏழு என்று ஒத்துக்கொண்டால்
அடுத்த சுற்றில் ஆறு.
ஒரு வண்டியில் கூடையைக் குறைத்து
இன்னொரு வண்டியில் ஏற்றுவதுபோல.
கோபம் வந்தது.
கள்ளக் கணக்கு என்று தெரிகிறது,
எங்கே என்று பிடிக்க முடியவில்லை.

பத்தாவது நிமிடம் பிடித்தேன்.
பிஸ்மார்க்கின் இடக்கால்.
கை என்ன செய்தாலும் அது மட்டும்,
பழைய லாஞ்சு எஞ்சின்
இடையில் ஒரு துடிப்பை விழுங்குமே, அப்படி
ஒன்றை விழுங்கிக்கொண்டே போனது.

பதினாலாவது நிமிடம் கரண்ட் போனது.
கீபோர்டு செத்தது. கித்தார் கொசுவாயிற்று.
மைக் இல்லாத ரெக்சலின் குரல்
எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது.
பிஸ்மார்க் நிறுத்தவில்லை.
இருட்டில் ஏழு, ஆறு. ஏழு, ஆறு.
கூரைத் தகரத்தைக் கச்சான் காற்று
தன் கணக்கில் அடித்தது.
யாரோ செல்போன் விளக்கை உயர்த்தினார்கள்;
ஐஸ் வார்க்கும் காலித் தகரங்கள்
வரிசை வரிசையாக மின்னின.
ஊமைக் கட்டைகளின் மேல்
ஆசிக் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தான்,
இடம் தவறிவிடக் கூடாதல்லவா.
பிளாஸ்டிக்கில் நகம் படும் சத்தம்.

எவ்வளவு நேரம் அப்படி?
தெரியாது.
இதை எழுதும்போதுதான் உறைக்கிறது,
தெரியாது.

இன்னாசி ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டி
விளக்கு வந்தபோது
நாலு பேரும் ஒரே இடத்தில் இருந்தார்கள்,
பரமக்குடிப் பையன் மட்டும் அரைத் தட்டு பிந்தி.
முதல் முறையாகச் சுவரை விட்டுத் திரும்பி
எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை,
மறுபடி தொடங்குமோ என்ற பயம்.
பிறகு தட்டினோம்.
ரெக்சலின் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினாள்.

வெளியே வடகடலில் கட்டிக் கிடந்த படகுகள்
ஒன்றோடொன்று டயரை உரசிக்கொண்டிருந்தன.
சோடாக்காரனுக்காகப் பெட்டியில் அடுக்கினேன்:
எடுத்தது முப்பத்தொன்று,
காலிப் பாட்டில் இருபத்தெட்டு.
மூன்றைக் காணோம்.

எழுதி வைக்கவில்லை.